திறந்த பூட்டு

எங்கள் ஊரில் இருந்துகொண்டு என் வேலையின் பெயரைச் சொல்வதைப் போன்ற தொல்லை உலகத்தில் வேறு எவருக்கும் வாய்த்திருக்காது. கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்குகிறோம். சற்று நேரம் கழித்துத் திரையில் படம் வருகிறது. அந்த இடைவெளியில் உள்ளே ஒரு சின்ன நிரல் கண் விழித்து, நினைவகம் எங்கே, டிஸ்க் எங்கே, கீபோர்டு எங்கே என்று தட்டுத் தடுமாறித் தேடி, ஒவ்வொன்றையும் உசுப்பி எழுப்பிவிட்டு, ஓசைப்படாமல் ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இப்படி மெஷினைத் தொடங்கி வைப்பதை பூட் செய்வது என்பார்கள். நான் அந்த பூட் நிரலை எழுதுகிறவள். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்து வாயில் ஆங்கில வார்த்தை எது நுழைந்தாலும் வாலில் ஓர் உகரத்தை ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும். பஸ் பஸ்ஸு ஆகும், லைட் லைட்டு ஆகும், பூட் பூட்டு ஆகும். திண்டுக்கல்லில் நின்றுகொண்டு பூட்டு வேலை செய்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் கேட்கிறவர் என்ன நினைப்பார்?

நினைத்தார்கள். எதிர்வீட்டு அக்கா திறக்காத சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். பால்காரர் சைக்கிள் பூட்டைக் காட்டி, "பாப்பா, இதுக்கு ஒரு சாவி போட்டுக் குடுத்தியன்னா உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். முதலில் விளக்கிப் பார்த்தேன். பிறகு கோபப்பட்டுப் பார்த்தேன். கோபம் எனக்குச் சுலபமாக வரும், விளக்கம்தான் வராது. கடைசியில் யார் கேட்டாலும் "ஆமா, பூட்டுதான், ஆனா அந்தப் பூட்டு இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நாளாக ஆக அந்த 'ஆனா'வும் உதிர்ந்து, வெறும் 'பூட்டு வேலை'தான் மிஞ்சியது.

வேலை என்றேனே தவிர, சம்பளம் வருவது இதில் இல்லை. சம்பளத்துக்கு, வீட்டில் இருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனியின் மென்பொருளைச் சோதித்துக் கொடுக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது. இது வேறு. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அந்தத் தொடக்க நிரல் கம்பெனிக்காரனின் ரகசியம். காசு கொடுத்து வாங்கியது நாம். ஆனால் பொத்தானை அமுக்கியதும் உள்ளே முதலில் என்ன நடக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியக் கூடாது. இது என்ன நியாயம் என்று எனக்கு முன்பே கேட்டவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கூடிச் சேர்ந்து, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு தொடக்க நிரலைத் திறந்த மூலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு மாடல் மதர்போர்டுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்த நிரலைத் தனியாகப் பொருத்தித் தர வேண்டும். ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்கு நான் பொருத்தித் தருகிறேன் என்று வாய் கொடுத்திருந்தேன். எங்கள் சாப்பாட்டு மேஜையின் பாதியில் அது பெட்டி சட்டை இல்லாமல் அம்மணமாகக் கிடந்தது. அம்மா அதற்கு வைத்த பெயர் பச்சைப் பலகை. "இந்தப் பச்சைப் பலகைய எடுத்தியன்னா மனுசரு உக்காந்து சாப்புடலாம்" என்பது எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கேட்கும் பாட்டு. பலகையிலிருந்து ஒரு வயர் என் லேப்டாப்புக்கு வரும். பொத்தானை அமுக்கினால், விழிக்கிற ஒவ்வொரு படியையும் பலகை எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வரும். நினைவகத்தைத் தேடுகிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். எத்தனையோ விதமாக மாற்றி எழுதிவிட்டேன். அதே இடம், அதே மௌனம். மண்டை காய்ந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் பல் தேய்க்கும் முன்பே அதன் பொத்தானை அமுக்கிப் பார்க்க ஓடுவேன். அப்படி ஒரு பைத்தியம்.

இந்தப் பைத்தியத்துக்கு மாப்பிள்ளை தேடினார்கள். வடமதுரைப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, வருகிற வரனை எல்லாம் கணக்குப் போலவே படிப்படியாகப் போட்டுப் பார்ப்பார். விடை சரியாக வந்துவிட்டால் போன் நம்பரை என்னிடம் கொடுப்பார். நானும் பேசுவேன். ஒவ்வொருவரும் என்ன வேலை என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் என்று ஆரம்பிப்பேன். "ஓ, ஐ.டி.யா" என்று என் வாக்கியத்தை அங்கேயே அறுத்துவிட்டு, சமைக்கத் தெரியுமா என்பதற்குத் தாவிவிடுவார்கள். புரிந்துகொண்டதாகத் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரியும், விஷம் வைக்கக்கூடத் தெரியும்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, ஒட்டன்சத்திரத்து வரன் ஒன்றைக் கொண்டுவந்தாள். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை. தோட்டத்துக்கே போய்க் குழாய்களைப் பதித்தும் கொடுப்பாராம். நான் நம்பிக்கையே இல்லாமல் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தேன். மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வணக்கமுங்க. என்ன வேலை பண்றீங்கன்னு உங்க சித்தி சரியாச் சொல்லலீங்க" என்றார்.

"பூட்டு வேலைங்க" என்றேன். அடுத்து சமையல் வரும் என்று காத்திருந்தேன்.

"அட! எந்த மாதிரிப் பூட்டுங்க?"

எந்த மாதிரி! இத்தனை காலத்தில் ஒரு ஜீவன் இதைக் கேட்டதில்லை. என் குரல் தானாக உயர்ந்தது. "தொறந்த பூட்டுங்க."

"தொறந்த பூட்டுங்களா? தொறந்தே இருந்தா அது எதுக்குங்க?"

"தொறந்ததுன்னா, உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் தெரியணும். செஞ்ச கம்பெனிக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? காசு குடுத்து வாங்குனது நாமதான?"

"அப்படி எல்லாருக்கும் தெரிஞ்சா, திருடனுக்கும் தெரிஞ்சு போயிருமுங்களே?"

நான் தொட்டியிலிருந்து குதித்து இறங்கினேன். திறந்த மூலத்தைப் பற்றி உலகத்துப் பெரிய தலைகள் எல்லாம் மோதிக்கொள்கிற கேள்வி அல்லவா இது! இவர் ஒரே மூச்சில் அங்கே வந்துவிட்டாரே! "தெரியட்டுமே! உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச உடனே உடையுதுன்னா அது பாதுகாப்பே இல்லீங்க. சாவி மட்டுந்தான் ரகசியமா இருக்கணும், மத்த எல்லாத்தையும் ஊருக்கே காட்டலாம்."

"சரிதானுங்க" என்றார், நன்றாக யோசித்துவிட்டு. "அந்தச் சாவி யாருகிட்ட இருக்கோணும்?"

"வாங்குனவங்ககிட்ட! ஆனா இப்ப வர்ற புதுசுல பாருங்க, கம்பெனிக்காரனே சாவிய வெச்சுக்கிறான். நம்ம பொருளு, நம்ம இஷ்டத்துக்குத் தொறக்காது."

"இது அநியாயமுங்க! பூட்டு வாங்குனவன் நானு, சாவி அவங்கிட்ட இருந்தா நான் எப்படிங்க கடையத் தொறக்கறது?"

எவ்வளவு பொருத்தமான உவமை சொல்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன்.

அப்புறம் தினமும் சாயங்காலம் அவர் கடையிலிருந்து கூப்பிடுவார், நான் மாடிக்கு ஓடுவேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஒரு கம்பெனியுடையதை இன்னொரு கம்பெனியுடையதில் போட முடியுமா என்று கேட்டார். முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும், அதுதான் என் வேலையே என்றேன். "அப்ப இது பொறுமையான வேலைங்க" என்றார். பொறுமை என்ற வார்த்தையை என்னோடு சேர்த்து ஒருவர் சொன்னார் என்று நான் இறங்கி வந்து சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. நான் கவலைப்படவே இல்லை. குளிக்கும்போது பாடினேன். பேகம்பூர் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் ஸ்கூட்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கிற ஒரு மனிதர் இருபது மைல் தூரத்தில், குழாய்களுக்கு நடுவே, எனக்காகவே பிறந்து காத்திருந்திருக்கிறார் என்று நம்பினேன். அம்மாவிடம் இவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லியும் விட்டேன்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம் என்றால் பார்க்க வருகிற அன்றைக்கே பூ வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அது பாதிக் கல்யாணம். வருவதற்கு முந்தின நாள் அவர் போனில், "எங்க குடோன்ல பழசு ஒண்ணு கெடக்குதுங்க. அப்பா வாங்குனது. ரொம்ப நாளாத் தொறக்கவே மாட்டேங்குது. வாரப்ப எடுத்தாரட்டுங்களா?" என்று கேட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டு வருவார்கள். எனக்கு ஒருவர் பழைய கம்ப்யூட்டர் கொண்டு வருகிறார்! "எடுத்துட்டு வாங்க! அதுக்கு நான் புதுசா எழுதித் தாரேன்" என்று கத்தினேன்.

"எழுதியேவா?" என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு மரியாதை. "இது பெரிய வித்தைங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, அப்பா மூவர் மட்டும். அம்மா காலையிலேயே என் பச்சைப் பலகையையும் வயர்களையும் வாரி உள்ளறைக்கு நாடு கடத்தியிருந்தாள். முன்னறையில் கேசரி, பஜ்ஜி, சிறுமலை வாழைப்பழம். நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்று அப்பா வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் காபித் தட்டோடு வந்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் காலடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தேன். கனமான பை. ஆனால் சின்னது. லேப்டாப்பா? அதுவும் இத்தனை சின்னதாக இருக்காதே. வெறும் போர்டை மட்டும் கழற்றி எடுத்து வந்திருக்கிறாரோ?

"கொண்டாந்தீங்களா?" என்று கேட்டேவிட்டேன். பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசிய முதல் வார்த்தை அதுதான். அம்மா என் முழங்கைக்குப் பின்னால் கிள்ளினாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாகப் பைக்குள் கையை விட்டு, தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டை எடுத்து, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார். துருப்பிடித்த, உண்மையான, இரும்புப் பூட்டு.

"இதானுங்க" என்றார்.

அவருடைய அப்பா பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார். "சந்தையில எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. எங்க மருமக எப்பேர்ப்பட்ட பூட்டையும் தொறந்துருமுன்னு."

நான் பூட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். தொட்டி மேல் உட்கார்ந்து பேசிய ஒவ்வொரு பேச்சும் வரிசையாக என் தலைக்குள் திரும்பி வந்து, ஒன்றொன்றாகக் குட்டிக்கரணம் போட்டது. திறந்த பூட்டு எதுக்குங்க. திருடனுக்கும் தெரிஞ்சு போயிருமுங்களே. நான் எப்படிங்க கடையத் தொறக்கறது. அது உவமையே இல்லை! கடை என்றால் கடை, பூட்டு என்றால் பூட்டு! எனக்குச் சிரிப்பு வந்தது. சிறிய சிரிப்பாக ஆரம்பித்து, காபி தளும்பி, தட்டை அப்பா பிடுங்கிக்கொள்ள, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். நிறுத்தப் பார்த்தால் விக்கல் வந்தது. விக்கலுக்கு நடுவே அந்தப் பூட்டு மறுபடி கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

"ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுங்க? தண்ணி குடுங்க" என்று அவருடைய அம்மா பதறி எழுந்தார்.

சமையலறைக்குள் ஓடி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு ஓய்ந்தது. ஓய்ந்ததும் அழுகை வந்தது. பின்னாலேயே வந்த அம்மாவிடம் அரையும் குறையுமாக விஷயத்தைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏடி, இம்புட்டு நாளு பேசுனியே, ஒரு தடவ கூடவா கம்ப்யூட்டருன்னு சொல்லல?"

"அவருக்குத் தெரியும்னு நெனச்சேம்மா."

"இப்ப என்னங்குற? பூ வைக்கலாமா, வேணாமா? ராகு காலம் வந்துரும். அவுகள எம்புட்டு நேரம் உக்கார வைக்க?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. நான் ஆசைப்பட்ட மனிதர் என் தொடக்க நிரலைப் பற்றித் தூக்கம் கெட்டு யோசித்தவர். அப்படி ஒருவர் ஒட்டன்சத்திரத்தில் இல்லவே இல்லை. முன்னறையில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேசாத ஒருவரிடம் எப்படித் தலையை நீட்டுவது? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் வந்த அந்தக் குரல் இவருடையதுதானே.

"செத்த நேரம் தனியாப் பேசணும்மா" என்றேன்.

உள்ளறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். இஸ்திரி மேஜையின் மேல் பச்சைப் பலகை கிடந்தது. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்லீங்க. நீங்க பேசுனது எல்லாம் பூட்டப் பத்தியா?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் பேசுனது பூரா இதப் பத்தி" என்று பலகையைக் காட்டினேன். "இது கம்ப்யூட்டரோட போர்டு. இத எழுப்பி விடுறதுக்குத்தான் பூட்டுன்னு பேரு. இங்கிலீசுப் பூட்டு."

அவர் காது மடல் சிவந்தது. நான் காத்திருந்தேன். இப்போது மட்டும் "ஓ, ஐ.டி.யா" என்று தலையாட்டினாரானால், அவர்கள் வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்த மல்லிகைப்பூ அப்படியே ஒட்டன்சத்திரத்துக்குத் திரும்பிப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க" என்றார். "முதல்ல இருந்து சொல்லுங்களேன்."

சொன்னேன். நல்லபடியாகச் சொல்லவில்லை. கோபத்தோடும் வெட்கத்தோடும் கடகடவென்று கொட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "புரியலீங்க" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னும் புரியலீங்க" என்றார். அசடு வழியவில்லை, சமாளிக்கவில்லை, புரியவில்லை என்பதை ஒரு தகவலைப் போலச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எதுங்க புரியல?"

"அதுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதுங்கறீங்க. அப்புறம் எப்படிங்க அது எந்திரிக்குது?"

நல்ல கேள்வி. இந்தத் தடவை என்னைப் பார்த்து, என் பலகையைப் பற்றிக் கேட்ட கேள்வி. நான் குரலை இறக்கினேன். "பொத்தான அமுக்குனதும் அதுக்கு ஞாபக சக்தியே கெடையாதுங்க. இந்தக் குச்சி மாதிரி இருக்குல்ல, இதுதான் ஞாபகம். உள்ளதான் செருகியிருக்கு. ஆனா செருகியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. இந்த எடத்துல போய்ப் பாருன்னு நான்தான் எழுதி வைக்கணும்."

"எந்த எடத்துலங்க?"

"குச்சி செருக ரெண்டு வரிசை இருக்கு பாருங்க. ஒண்ணாம் வரிசையிலதான் செருகியிருக்கேன். ஒண்ணுல பாருன்னுதான் எழுதியிருக்கேன். ஆனா இல்லைங்குது" என்று குச்சி இருந்த வரிசையின் நுனியில் விரலை வைத்தேன்.

விரலுக்குக் கீழே, பலகையில், எறும்பு அளவில் வெள்ளையாக ஒரு எண் அச்சிட்டிருந்தது. விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒன்று இல்லை. இரண்டு. இந்தப் பலகையைச் செய்த புண்ணியவான் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறான். இத்தனை நாளும் நான் அதைக் காலியான இடத்துக்கு அனுப்பி, அங்கே ஞாபகம் இருக்கிறதா என்று தேடச் சொல்லியிருக்கிறேன். அது பாவம், உண்மையாகவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அய்யோ!" என்று கத்தினேன். முன்னறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"என்னாச்சுங்க?"

"தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருச்சு!"

"அப்ப அந்தக் குச்சிய இந்தப் பக்கம் மாத்திச் செருகிட்டா ஆச்சுங்களா?"

"ஆகும். ஆனா செருகக் கூடாது. எங்க இருந்தாலும் அதுதான் தேடிக் கண்டுபிடிக்கணும். ரெண்டுலயும் பாருன்னு எழுதப்போறேன்." பட்டுச் சேலையை வாரிச் சொருகிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது மறந்தே போயிற்று. இரண்டு வரிகளை மாற்றினேன், நிரலை மெஷின் மொழிக்கு மாற்றினேன். இனி அதைப் பலகையில் இருக்கும் சிறு சில்லில், அதாவது சிப்பில், ஏற்ற வேண்டும். சில்லின் கால்களைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப் உண்டு. என்னுடையது கவ்வாது, நழுவும்.

"இதப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் ஆடக் கூடாது."

பிடித்துக்கொண்டார். குழாய் பதிக்கிற முரட்டு விரல்கள் இரண்டு, அந்தத் துளியூண்டு கிளிப்பை முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தன. திரையில் எழுதி முடிந்த சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"பாதியில ஆடிட்டா என்னாகுமுங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"செங்கல்லாயிரும். உசுரு வராது."

"அப்புறம்?"

"மறுபடி எழுதுவேன்."

"அப்பவும் வரலீன்னா?"

"வர்ற வரைக்கும் எழுதுவேன்."

அவர் நெற்றியில் வியர்வை பூத்து, மூக்கின் நுனிவரை இறங்கி வந்து தொங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. என் தாவணிக் காலத்துக் கைக்குட்டை ஒன்று அலமாரியில் கிடந்தது, எடுத்து நானே துடைத்துவிட்டேன். துடைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. மாடியில் நானாகக் கட்டி வைத்திருந்த அறிவாளியை அல்ல. ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, புரியாத ஒன்றை மூச்சுக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற இவரை.

முன்னறையிலிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது. "கண்ணு, நேரமாகுது. ராகு காலம் வந்துருமாம். பேசி முடிச்சீங்களா? சரீன்னு சொல்லிப்போட்டாங்களா?"

அவர் சில்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இருங்கம்மா. இன்னும் ஸ்டார்ட் ஆகலீங்க" என்றார்.

முன்னறையில் என் அம்மா "காபி இன்னொரு வாய்..." என்று எதையோ உருட்டியது மட்டும் கேட்டது.

எழுதி முடிந்தது. கிளிப்பை எடுக்கச் சொன்னேன். பொத்தானுக்கு அருகில் என் விரல் போனது. நிறுத்தி, "நீங்க அமுக்குங்க" என்றேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

எழுத்துகள் வந்தன. வழக்கமான முதல் வரிகள். அப்புறம் வழக்கமாக மௌனமாகும் இடம். அங்கே நின்றது. நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது, நினைவகம் கிடைத்துவிட்டது என்ற வரி வந்திருந்தது. அதற்குப் பின்னால், அணை திறந்துவிட்டது போல் வரிகள் கொட்டின. மேலே மேலே ஏறி ஓடின. நான் வாயில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு குதித்தேன். அவருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் ஓடுகிறது என்பது தெரிந்துவிட்டது.

"வந்துருச்சுங்க!" என்று வீடு அதிரக் கூவினார். "அம்மா! வந்துருச்சுங்கம்மா! எல்லாம் சரியாப் போச்சு!"

அவ்வளவுதான். முன்னறையில் ஒரு பெரிய மூச்சு விடும் சத்தமும், தட்டு நகரும் சத்தமும் கேட்டன. அவருடைய அம்மா பூப்பொட்டலத்தைப் பிரித்தபடியே உள்ளறைக்குள் வந்தார். பின்னால் அவருடைய அப்பா, பின்னால் என் அப்பா, என் அம்மா. "நீ சரீன்னு சொல்லுவேன்னு எனக்குத் தெரியுங்கண்ணு" என்று என் கன்னத்தைத் தொட்டார் அவருடைய அம்மா. கண் கலங்கியிருந்தது. என் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் பிறந்துவிட்டிருந்தது. அவர் வாயைத் திறக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து அமுக்கினாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். தான் கூவியது இவர்களுக்கு என்னவாகக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். "அம்மா, நான் சொன்னது..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் சொன்னது மெஷினை என்று ஒரு வார்த்தையில் நான் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து, பூ வைக்க வாகாகத் திரும்பி நின்றேன்.